சிநேகிதர் வீட்டுப் பாட்டியிடம் நீங்கள் கேளுங்கள்: பெங்களூர்த் தமிழர்கள் குடும்ப வரலாறு தேட ஒரு முழுமையான வழிகாட்டி

அல்சூர், சிவாஜிநகர், மர்பி டவுன், ஸ்ரீராமபுரம், கோலார் தங்கவயல் என்று எங்காவது இரண்டு மூன்று தலைமுறையாக இருந்துகொண்டு, "நம்ம சொந்த ஊர் வேலூர் பக்கம்" என்பதற்கு மேல் தெரியாத குடும்பங்களுக்காக இதை எழுதுகிறேன். நண்பர்கள் உட்கார்ந்தால் இந்தப் பேச்சு எப்படியும் வரும். ஆர்வத்தில் அன்று இரவே ஒருவர் செல்பேசியில் வம்சாவளிச் செயலியை இறக்குவார், இன்னொருவர் சென்னை ஆவணக் காப்பகத்துக்குப் போக லீவு போடுவார். இரண்டு பேரும் ஒரே மாதத்தில் விட்டுவிடுவார்கள். ஆர்வம் குறைந்துபோய் விடுவதில்லை. வரிசை தப்பிப்போகிறது, அவ்வளவுதான். முதலில் ஆட்கள், அப்புறம் வீட்டுக் காகிதம், அதற்கும் அப்புறம் ஊர், கடைசியாகத்தான் அலுவலகம். ஏன் இந்த வரிசை என்பதை ஒவ்வொரு படியிலும் சொல்கிறேன்.

1. கூட்டாளியைப் பிடியுங்கள்

தனியாக ஆரம்பிக்காதீர்கள். இரண்டு மூன்று நண்பர்கள், ஆளுக்கு ஒரு குடும்பம். அதற்கு மேல் கூட்டம் வேண்டாம். ஐந்து பேரானால் வாட்ஸ்அப் குழுவில் காலை வணக்கம்தான் ஓடும்.

கூட்டு வேண்டும் என்பதற்கு முதல் காரணம், உங்கள் வீட்டுப் பெரியவர்களை உங்களைவிட உங்கள் நண்பர் நன்றாகப் பேசவைப்பார் (4-ஆம் படியில் விளக்கம்). இரண்டாவது காரணம் கன்னடம். நம்மில் நிறையப் பேருக்குக் கன்னடம் பேச வரும், படிக்க வராது. பழைய வீட்டு வரி ரசீது, பள்ளிச் சான்றிதழ் எல்லாம் கன்னடத்தில், அதுவும் கையெழுத்தில் இருக்கும். கன்னட மீடியத்தில் படித்த ஒருவர் கூட்டத்தில் இருந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி.

முதல் நாளே ஒரு விஷயத்தைப் பேசி முடியுங்கள். அடுத்தவர் வீட்டில் கேட்டது அந்த வீட்டோடு இருக்க வேண்டும். இரண்டாம் கல்யாணம், தத்து, மதம் மாறியது, கடனுக்குப் பயந்து ராத்திரியோடு ராத்திரியாக ஊரை விட்டு வந்தது: எல்லாம் வெளிவரும். சாதிப் பேச்சும் வரும். இதை முன்கூட்டியே பேசிக்கொள்ளாததால் சிநேகிதமே கசந்துபோனதைப் பார்த்திருக்கிறேன்.

2. கையில் இருக்க வேண்டியவை

கோடு போட்ட ஒரு நீள நோட்டு, பேனா, ஒலிப்பதிவு செய்ய ஒரு செல்பேசி, பூதக்கண்ணாடி. இவ்வளவு போதும். ஸ்கேனர் வாங்க வேண்டாம். மரபணுப் பரிசோதனைக்கு இப்போது காசு செலவழிக்கவும் வேண்டாம். தாத்தாவின் அப்பா பேர் என்ன என்ற கேள்விக்கு அது பதில் சொல்லாது.

நோட்டில் ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு எண் கொடுங்கள். நீங்கள் 1, அப்பா 2, அம்மா 3, அப்படியே மேலே. எண் எதற்கு என்றால், நம் குடும்பங்களில் தாத்தா பேரைப் பேரனுக்கு வைப்பார்கள். ஒரே முனுசாமி ஒன்று விட்ட தலைமுறைகளில் மூன்று தடவை வருவார். எண் இல்லாவிட்டால் தாத்தாவின் ராணுவப் பென்ஷன் பேரன் கணக்கில் ஏறிவிடும்.

ஒவ்வொரு தகவலுக்குப் பக்கத்திலும் அது எங்கிருந்து வந்தது, எந்தத் தேதியில் என்று எழுதுங்கள். "பெரியத்தை சொன்னது", "கல்யாணப் பத்திரிகை", "என் ஊகம்". இந்த மூன்றும் ஒன்றல்ல. புதிதாக வருகிறவர்கள் தவிர்க்கிற முதல் வேலை இதுதான். ஆறு மாதம் கழித்து இரண்டு தகவல் முட்டிக்கொள்ளும்போது எதை நம்புவது என்று முடிவு செய்ய வேறு வழியே இருக்காது.

3. யாரிடம் முதலில் போவது

வயதில் மூத்தவரிடம்தான் முதலில் போகத் தோன்றும். ஞாபகம் நழுவ ஆரம்பித்தவர், உடம்பு முடியாதவர் யாரோ அவரிடம் முதலில் போங்கள். தொண்ணூறு வயதிலும் பேப்பர் படிக்கிற தாத்தா அடுத்த மாதமும் இருப்பார். எழுபதில் மறதி தொடங்கிய அத்தை அப்படி இல்லை.

அடுத்ததாக, வீட்டுக்கு வந்த மருமகள்களை விட்டுவிடாதீர்கள். பிறந்த வீட்டு ஆளுக்குப் பழக்கமாகிப்போனதெல்லாம், புதிதாக வந்தவருக்கு ஆச்சரியமாகப் பட்டிருக்கும். மாமியார் யாரிடம் பேசமாட்டார், எந்தச் சித்தப்பா விசேஷத்துக்கு வரவில்லை, யார் யாருக்குக் கடன்பட்டவர் என்பதெல்லாம் மருமகளுக்குத்தான் துல்லியமாகத் தெரியும்.

4. வீடு மாற்றிக் கேளுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியைத்தான் செய்யப்போகிறீர்கள் என்றால் இதைச் செய்யுங்கள். உங்கள் பாட்டியிடம் உங்கள் சிநேகிதி கேட்கட்டும். அவள் தாத்தாவிடம் நீங்கள் கேளுங்கள். வீட்டு ஆள் பக்கத்தில் இருக்கலாம், வாயை மட்டும் திறக்கக் கூடாது.

பேத்தி கேட்டால் இப்படிப் போகும்:

"பாட்டி, நீ எப்போ பெங்களூர் வந்தே?"

"அது ஆச்சு ரொம்ப வருஷம். உனக்குத்தான் தெரியுமே."

சிநேகிதி கேட்டால்:

"ஏன் பாட்டி, கல்யாணமாகி நேரா இந்த வீட்டுக்கா வந்தீங்க?"

"இந்த வீடா! இது எங்கே இருந்தது அப்போ? மர்பி டவுன்ல எங்க நாத்தனார் வீட்டுத் திண்ணையில ஆறு மாசம் கிடந்தோம் கண்ணு. அவங்க வீட்டுக்காரருக்கு அப்போதான் எச்.ஏ.எல்.ல வேலை பர்மனெண்ட் ஆச்சு. அவர்தான் இவருக்கும் சொல்லிவிட்டாரு."

இந்தப் பதிலில் எத்தனை இழை இருக்கிறது பாருங்கள். தாத்தாவுக்கு முன்னாலேயே அவர் அக்காவோ தங்கையோ பெங்களூர் வந்துவிட்டார். அந்த அத்தை வீட்டுக்காரர் எச்.ஏ.எல். விமானத் தொழிற்சாலைத் தொழிலாளி. அந்தத் தொழிற்சாலை 1940-இல் தொடங்கியது. ஆகவே குடும்பம் வந்தது அதற்குப் பிறகு. அத்தையின் பிள்ளைகள் எங்கே இருக்கிறார்கள் என்பதுதான் அடுத்த கேள்வி. பேத்தியிடம் இதைச் சொல்லப் பாட்டிக்குத் தோன்றாது. தெரிந்த பிள்ளைக்கு என்ன விளக்கம்? வெளி ஆளுக்குத்தான் திண்ணையிலிருந்து விவரம் சொல்ல வேண்டியிருக்கிறது.

கேட்கும்போது பிறப்பு, இறப்பு, கல்யாணம் என்று வரிசையாகக் கேட்காதீர்கள். அது ரேஷன் கார்டு விசாரணை மாதிரி ஆகிவிடும். அன்றாடத்தைக் கேளுங்கள். தண்ணீர் எங்கே பிடித்தீர்கள்? வாடகை யாரிடம் கொடுத்தீர்கள்? தாத்தாவுக்கு எந்த ஷிப்ட்? தீபாவளிக்குத் துணி எங்கே எடுத்தீர்கள்? ஊரிலிருந்து அரிசி வருமா, யார் கொண்டுவருவார்? கடைசிக் கேள்வி பொன்னானது. அரிசி வந்தது என்றால் ஊரில் நிலம் இருந்தது. கொண்டுவந்தவர் பங்காளியாகவோ குத்தகைதாரராகவோ இருப்பார். நிலத்தின் பக்கம் போவதற்கு இதுதான் முதல் நூல்.

பெண்களைப் பற்றிக் கேட்கும்போது "அவங்க எந்த ஊர்ப் பொண்ணு?" என்று கட்டாயம் கேளுங்கள். காகிதத்தில் "இன்னார் மனைவி" என்று முடிந்துவிடுவார்கள். பல வீடுகளில் மருமகளைப் பிறந்த ஊர்ப் பேரைச் சொல்லியே குறிப்பிடுவார்கள். பேர் மறந்தவர்களுக்கும் அந்த ஊர் ஞாபகமிருக்கும்.

பதிவை ஆரம்பிக்கும்போது தேதி, இடம், யார் யார் இருக்கிறார்கள் என்பதைச் செல்பேசியிலேயே சொல்லிவிடுங்கள். பதிவு செய்வதாக அவரிடம் சொல்லிவிட்டுச் செய்யுங்கள். ஒரு மணி நேரத்தில் நிறுத்துங்கள். அவர் களைத்தபின் சொல்கிறதில் ஆட்கள் மாறிப்போவார்கள். மிச்சத்துக்கு இன்னொரு ஞாயிற்றுக்கிழமை போகலாம். பாதியில் விட்டதை அவரே யோசித்து வைத்திருப்பார்.

5. "அண்ணன்" என்றால் யார்?

பேச்சைத் தாளில் இறக்கும்போது அதிகம் தடுக்குவது இங்கேதான். பாட்டி "எங்க அண்ணன்" என்றால் கூடப் பிறந்தவராக இருக்கலாம், பெரியப்பா மகனாக இருக்கலாம், பெரியம்மா மகனாகவும் இருக்கலாம். பக்கத்து வீட்டுக்காரராக இருந்தாலும் ஆச்சரியமில்லை. ஒவ்வொரு தடவையும் "கூடப் பிறந்தவங்களா?" என்று கேட்டே ஆக வேண்டும். அவர் இல்லை என்றால் "உங்களுக்கு எந்த வழியில்?" என்று அடுத்த கேள்வி. மாமா என்ற சொல் இன்னும் மோசம்: தாய்மாமன், அத்தை வீட்டுக்காரர், மாமனார், அக்கா வீட்டுக்காரர் எல்லாரும் அதில் அடக்கம்.

அடுத்த சிக்கல், சொந்தத்துக்குள் கல்யாணம். அக்கா மகளைக் கட்டியவர் இருந்தால் ஒரே பெண் இரண்டு தலைமுறையில் வருவார்: அக்காவுக்கு மகள், அம்மாவுக்கு மருமகள். செயலியில் அவசரமாகப் போடுகிறவர்கள் அவரை இரண்டு ஆளாகப் போட்டுவிடுவார்கள், அப்புறம் அவர் பிள்ளைகளும் இரண்டிரண்டாக வருவார்கள். நீங்கள் கொடுத்த எண் இங்கே காப்பாற்றும். ஒரு ஆளுக்கு ஒரு எண்தான். படத்தில் எத்தனை கோடு வேண்டுமானாலும் அந்த எண்ணுக்கு வரட்டும். அதனால்தான் முதல் சில மாதம் நோட்டிலேயே இருங்கள் என்கிறேன். பின்னால் கணினிக்கு மாறும்போது கிராம்ப்ஸ் என்ற இலவச மென்பொருள் போதும். அதில் ஒரே ஆளை இரண்டு உறவிலும் இணைக்கலாம்.

6. வருடத்தைப் பிடிப்பது

"எந்த வருஷம்?" என்று கேட்டால் பதில் வராது. "அதுக்கு முன்னாலயா, பின்னாலயா?" என்று கேட்டால் வரும். எல்லாருக்கும் ஞாபகமிருக்கிற ஒரு நாளை நட்டுவைத்து அதன் இரண்டு பக்கமும் கேளுங்கள். பெங்களூர்க் குடும்பங்களுக்கு வேலை செய்கிறவை: காந்தி சுடப்பட்டது (ஜனவரி 1948), அண்ணா இறந்தது (பிப்ரவரி 1969), ஊருக்குக் காவிரித் தண்ணீர் வந்தது (1974), வீனஸ் சர்க்கஸ் தீ விபத்து (பிப்ரவரி 1981), எம்.ஜி.ஆர். இறந்தது (டிசம்பர் 1987), காவிரிக் கலவரம் (டிசம்பர் 1991). தங்கவயல் குடும்பம் என்றால் சுரங்கம் மூடிய 2001 பிப்ரவரி 28-ஐ யாரும் மறந்திருக்க மாட்டார்கள். "சர்க்கஸ் எரிஞ்சப்போ சின்னவன் இடுப்புல இருந்தான்" என்று ஒரு வரி வந்தால் போதும், ஒரு பிறந்த வருடம் ஏறத்தாழக் கிடைத்துவிட்டது.

ஜாதகத்தில் தமிழ் வருடம் இருக்கும். இதில் இரண்டு தவறு நடக்கும். ஒன்று, அறுபது வருடச் சுழற்சி. தாது வருடம் என்றால் 1876-77-ஆகவும் இருக்கலாம், 1936-37-ஆகவும் இருக்கலாம். "தாது வருஷப் பஞ்சத்துல கிளம்பினவங்க" என்றால் முன்னது. தாத்தாவின் ஜாதகம் என்றால் பின்னது. இரண்டாவது தவறு மாதத்தில். தமிழ் வருடம் சித்திரையில் பிறக்கிறது. விய வருடம் 1946 ஏப்ரலில் தொடங்கியது. ஆனால் "விய வருடம் தை மாதம்" பிறந்தவர் 1947-க்காரர். தை, மாசி, பங்குனி மூன்றும் அடுத்த ஆங்கில வருடத்தில் விழும், மார்கழி பாதி இங்கே பாதி அங்கே.

பள்ளிச் சான்றிதழில் (டி.சி.) உள்ள பிறந்த தேதியை அப்படியே நம்பாதீர்கள். தலைக்கு மேல் கையைச் சுற்றிக் காதைத் தொட்டால் ஐந்து வயது என்று சேர்த்த காலம் அது. தேதியை வாத்தியாரே போட்டுவிடுவார். அதனால்தான் அந்தத் தலைமுறையில் இத்தனை பேர் மே, ஜூனில் பிறந்திருக்கிறார்கள். ஜாதகமும் டி.சி.யும் முட்டினால் இரண்டையும் எழுதிவையுங்கள். பிறந்ததற்கு ஜாதகம், வேலை ஓய்வுக்கு டி.சி. என்று இரண்டுக்கும் பயன் உண்டு.

7. வீட்டுக் காகிதம்

இப்போது பீரோவைத் திறக்கச் சொல்லலாம். முதல் சந்திப்பிலேயே கேட்டால் பத்திரத்துக்கு அடிபோடுகிறார்கள் என்று நினைப்பார்கள். இரண்டு மூன்று தடவை பேசிய பிறகு அவர்களே தகரப் பெட்டியை இழுத்துவருவார்கள்.

*மொய் நோட்டு.* நம்மிடம் இருக்கிற ஆவணங்களில் எனக்கு மிகப் பிடித்தது. கல்யாணத்துக்கு வந்தவர்கள் பேரும் ஊரும் தொகையும் வரிசையாக இருக்கும். தாய்மாமன் மொய் பெரும்பாலும் முதலிலேயே வரும். அவர் பேரும் ஊரும் கிடைத்தால் பாட்டியின் பிறந்த வீடு கிடைத்துவிட்டது. ஊர் வாரியாக ஒரு தாளில் எண்ணிப் பாருங்கள். "குடியாத்தம்" எட்டு தடவையும் அதன் பக்கத்தில் ஒரு சிற்றூர் பதினைந்து தடவையும் வந்தால், "குடியாத்தம் பக்கம்" என்று வீட்டில் சொன்னது எந்த ஊர் என்று புரிந்துவிடும். அழகான அட்டை போட்ட நோட்டைத் தேடாதீர்கள். நாற்பது பக்கப் பள்ளிக்கூட நோட்டில், பின்னால் மளிகைக் கணக்கோடு இருக்கும்.

*பத்திரிகைகள்.* கல்யாணப் பத்திரிகையில் தாத்தா பேர், ஊர், மாமன்மார் எல்லாம் வரும். கருமாதிப் பத்திரிகை அதைவிட நல்லது: இறந்த தேதியும் மகன், மகள், மருமகன், பேரன் பட்டியலும் ஒரே தாளில். யார் பேர் விட்டுப்போயிருக்கிறது என்றும் பாருங்கள். விட்டுப்போனதற்குக் காரணம் இருக்கும். அதைப் பாட்டியிடம் கேட்காதீர்கள், மருமகளிடம் கேளுங்கள்.

*பத்திரங்கள்.* பத்திரத்தின் முதல் பாராவிலேயே "இன்ன கிராமம், இன்னார் குமாரர் இன்னார்" என்று இருக்கும். பாகப்பிரிவினைப் பத்திரம் என்றால் அண்ணன் தம்பி எல்லாரும் வரிசையாக நிற்பார்கள். பங்கை விட்டுக்கொடுத்து எழுதுகிற விடுதலைப் பத்திரத்தில் கல்யாணமாகிப்போன பெண்கள் கணவர் பேரோடும் ஊரோடும் வருவார்கள். வேறு எங்கேயும் கிடைக்காத அத்தைப் பாட்டிகள் இங்கே கிடைப்பார்கள். நான்கெல்லையைத் தாண்டிப் போய்விடாதீர்கள். வடக்கே, தெற்கே நிலம் வைத்திருந்தவர்கள் பல நேரம் பங்காளிகள்தான்.

*வேலைக் காகிதம்.* சுரங்கம், மில், ரயில்வே, எச்.ஏ.எல்., ஐ.டி.ஐ. (தொலைபேசித் தொழிற்சாலை) எங்கே இருந்தாலும் சர்வீஸ் புக்கோ வைப்புநிதி நியமனப் படிவமோ இருந்தால் சொந்த ஊர் முகவரி அதில் இருக்க வாய்ப்பு அதிகம். அல்சூரில் மதராஸ் சாப்பர்ஸ் ராணுவப் பிரிவில் இருந்தவர் வீட்டில் டிஸ்சார்ஜ் புத்தகத்தைக் கேளுங்கள். கிராமம், தாலுகா, ஜில்லா மூன்றும் அதில் கிடைக்கும்.

*படங்கள்.* சட்டத்தில் ஒட்டிப்போன படத்தைப் பிரிக்காதீர்கள், முகம் கண்ணாடியோடு வந்துவிடும். ஜன்னல் வெளிச்சத்தில், பிளாஷ் இல்லாமல், கொஞ்சம் சாய்வாக நின்று எடுங்கள். பின்பக்கத்தையும் எடுங்கள்; ஸ்டூடியோ முத்திரையில் ஊர் இருக்கும். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் தெளிவு குறைந்துவிடும், டாக்குமெண்டாக அனுப்புங்கள்.

8. அந்த ஊர் இன்று எந்த மாவட்டத்தில்?

காகிதத்தில் "வட ஆற்காடு ஜில்லா" என்று இருந்தால் இன்றைய வலைத்தளத்தில் எங்கே தேடுவது? இந்தப் படியைத் தாண்டிக் குதித்தவர்கள்தான் "ரெக்கார்டே இல்லையாம்" என்று திரும்பிவருகிறார்கள்.

வட ஆற்காடு 1989-இல் வேலூர், திருவண்ணாமலை என்று இரண்டாகப் பிரிந்தது. (பிரிந்த புதிதில் தலைவர்கள், மன்னர்கள் பேரோடு இருந்தன, 1990-களின் காகிதத்தில் அந்தப் பேர்களையும் பார்ப்பீர்கள்.) 2019-இல் வேலூரிலிருந்து ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் தனியாகப் போயின. சேலத்திலிருந்து 1965-இல் தருமபுரி, தருமபுரியிலிருந்து 2004-இல் கிருஷ்ணகிரி. தென்னாற்காடு 1993-இல் கடலூர், விழுப்புரம் ஆனது. 2019-இல் விழுப்புரத்திலிருந்து கள்ளக்குறிச்சி பிரிந்தது. சித்தூர் 1911-இல் தனி ஜில்லாவானது; அதற்கு முன் அந்தப் பக்கத்தின் பெரும்பகுதி வட ஆற்காடுதான். ஆகவே பழைய காகிதத்தில் வட ஆற்காடு என்றிருக்கும் ஊர் இன்று ஆந்திராவிலும் இருக்கலாம்.

ஒரே பேரில் ஊர்கள் ஏராளம். பக்கத்து ஊர்ப் பேர் இரண்டாவது தெரிந்துகொண்டால்தான் சரியான ஊர் என்று உறுதியாகச் சொல்ல முடியும். மொய் நோட்டு இங்கே மறுபடி உதவும்.

பெங்களூர்ப் பக்கத்திலும் இதே கதை உண்டு. கண்டோன்மெண்ட் பகுதி 1947 வரை பிரிட்டிஷ் நிர்வாகத்தில் தனியாக இருந்தது. பேட்டைப் பகுதி மைசூர் அரசிடம் இருந்தது. இரண்டு நகராட்சிகளும் 1949-இல்தான் ஒரே மாநகராட்சி ஆயின. ஆக அதற்கு முந்தைய பிறப்பு, இறப்பைத் தேடும்போது வீடு எந்தப் பக்கம் இருந்தது என்று தெரிய வேண்டும். பழைய பேர்களும் வரும்: பிளாக்பள்ளி என்றால் இன்றைய சிவாஜிநகர்.

9. இப்போது அலுவலகம்

கையில் பேர், தோராயமான வருடம், சரியான ஊர் மூன்றும் இருந்தால் மட்டும் வாருங்கள். ஒன்று குறைந்தாலும் எழுத்தர் தலையாட்டிவிட்டு அடுத்தவரைக் கூப்பிடுவார். அவரைக் குறை சொல்ல முடியாது, பதிவேடு தேதி வரிசையில் இருக்கிறது.

பிறப்பு, இறப்புப் பதிவு: 1969-இன் சட்டம் 17-ஆம் பிரிவில், கட்டணம் கட்டி யார் வேண்டுமானாலும் பதிவேட்டில் தேடச் சொல்லிச் சான்றிதழ் கேட்கலாம். பழைய பிறப்புப் பதிவில் குழந்தைக்குப் பேரே இருக்காது, "பெண்" என்று மட்டும் இருக்கும். அதனால் அப்பா பேரையும் தேதியையும் வைத்துத் தேடுங்கள். பேர் வைத்துத் தேடிவிட்டு இல்லை என்று முடிவுகட்டாதீர்கள். கிராமத்தில் நிறையப் பிறப்பு பதிவாகவே இல்லை, இறப்பும் அப்படித்தான்.

நிலம்: தமிழ்நாட்டுப் பதிவுத்துறைத் தளத்தில் வில்லங்கம் (ஒரு சொத்தின் மேல் நடந்த பதிவுகளின் பட்டியல்) பார்க்கலாம். 1975-க்கு முந்தியது என்றால் பெரும்பாலும் சார்பதிவாளர் அலுவலகத்தில் கைப்பட எழுதிய புத்தகத்தில்தான் தேட வேண்டும். பட்டா, அ-பதிவேடு (கிராம நிலங்களின் அடிப்படைப் பதிவேடு) தனித் தளத்தில் இருக்கின்றன. யு.டி.ஆர். என்று எல்லாரும் சொல்கிற, 1980-களில் நடந்த நிலப் பதிவேடு புதுப்பிப்பில் பட்டா எண்கள் புதிதாயின. தாத்தா காலத்துப் பட்டா எண்ணை இன்றைய தளத்தில் போட்டால் வேறு யாரோ வருவார். சர்வே எண்ணைப் பிடித்துக்கொண்டு தேடுங்கள். கிராமத்தில் பழைய கணக்குப்பிள்ளை வீடு எது என்று விசாரியுங்கள். பரம்பரைக் கணக்குப்பிள்ளை, மணியக்காரர் பதவிகள் 1980-இல் ஒழிக்கப்பட்டாலும், ஊர் விவரம் அந்த வீட்டில்தான் இருக்கும்.

கிறிஸ்தவக் குடும்பம் என்றால் அதிர்ஷ்டசாலிகள். ஞானஸ்நானப் பதிவேட்டில் பெற்றோரும் ஞானப்பெற்றோரும் இருப்பார்கள். திருமணப் பதிவேட்டில் இரண்டு பக்கப் பெற்றோர் பேரும் வரும். பங்குச் சாமியாரிடம் ஞாயிறு பூசை முடிந்த கையோடு போய் நிற்காதீர்கள், வார நாளில் தேதி வாங்கிக்கொண்டு போங்கள். முஸ்லிம் குடும்பங்களுக்கு ஜமாத்தின் நிக்காஹ் பதிவேடு.

இரண்டு உலகப் போர்களில் இறந்த சிப்பாய் குடும்பத்தில் இருந்தால், காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் தளத்தில் இலவசமாகத் தேடலாம். பல இந்தியச் சிப்பாய்களுக்கு அப்பா பேரும் கிராமமும் ஜில்லாவும் குறிப்பிட்டிருக்கிறார்கள்.

எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகம் கடைசி. கிராமமும் சர்வே எண்ணும் தெரிந்தவருக்கு அது கடல், தெரியாதவருக்கும் கடல்தான், ஆனால் குடிக்க முடியாது.

10. ஒரே பேர், ஐந்து எழுத்து

கர்நாடகக் காகிதத்தில் நம் பேர்கள் உருமாறும். பழனி பளனி ஆவார், ஏழுமலை ஏளுமலை ஆவார். கோவிந்தன் கோவிந்தப்பா, ராஜம்மாள் ராஜம்மா. இனிஷியல் முன்னாலிருந்து பின்னால் போகும். பாஸ்போர்ட் எடுக்கும்போது அப்பா பேர் குடும்பப் பேராக மாறி, அடுத்த தலைமுறையில் கொள்ளுத்தாத்தா பேரே எல்லார் பின்னாலும் ஒட்டிக்கொள்ளும். ஒவ்வொரு எண்ணுக்கும் கீழே பார்த்த எழுத்து வடிவங்களை எல்லாம் எழுதிவையுங்கள். திருத்தி எழுதாதீர்கள், காகிதத்தில் இருக்கிறபடியே எழுதினால்தான் அடுத்த தடவை தேட முடியும்.

11. ஊருக்குப் போகும் நாள்

போகிற நாளைக் குலதெய்வத் திருவிழாவோடு சேர்த்து வையுங்கள். பங்காளிகள் எல்லாரும் ஒரே இடத்தில் இருப்பார்கள். குடும்பத்துக்கு இவ்வளவு என்று திருவிழாவுக்கு வாங்குகிற தலைக்கட்டு வரி நோட்டு பூசாரியிடமோ நாட்டாமையிடமோ இருக்கும். பல ஊர்களில் கல்யாணமான ஆணுக்குத்தான் தலைக்கட்டு. ஆகவே ஒருவர் பேர் அந்த நோட்டில் முதலில் எந்த வருடம் வருகிறதோ, அதை ஒட்டி அவர் கல்யாணம். வரியைக் கட்டிவிட்டு நோட்டைக் கேளுங்கள். வரிசை முக்கியம்.

நிலத்தைப் பற்றி வாயே திறக்காதீர்கள். நாற்பது வருடம் எட்டிப்பார்க்காத குடும்பத்துப் பையன் பெங்களூரிலிருந்து காரில் வந்து "தாத்தா பேர்ல என்ன இருந்தது?" என்று கேட்டால் ஊர் என்ன நினைக்கும்? பங்குக்கு வந்திருக்கிறான் என்றுதான். அன்றோடு எல்லார் வாயும் அடைத்துவிடும். சர்வே எண் வேலையைத் தளத்தில் முடித்துக்கொண்டு போங்கள். ஊரில் படங்களைக் காட்டி "இவங்க யாருன்னு தெரியுதாங்க பெரியப்பா?" என்று ஆரம்பியுங்கள். படத்தின் பிரதியை அங்கேயே ஒருவருக்குக் கொடுத்துவிட்டு வாருங்கள். உறவு முறை தெரியாவிட்டால் வயதைப் பார்த்துப் பெரியப்பா, அத்தை என்று கூப்பிட்டுவிடுங்கள். தப்பென்றால் அவர்களே "நான் உனக்குப் பெரியப்பா இல்லடா, மாமன்" என்று திருத்துவார்கள். அந்தத் திருத்தத்தை உடனே எழுதுங்கள்.

இங்கேயும் உங்கள் கூட்டாளி வரட்டும். நீங்கள் வாசலில் உபசாரத்தில் மாட்டிக்கொண்டிருக்கும்போது அவர் கோயில் கல்வெட்டில் உபயதாரர் பேர்களைப் படம் எடுத்துக்கொண்டிருப்பார்.

12. பகிர்வதற்கு முன்

முதல் வரைவைக் கூட்டாளிகள் படிக்கட்டும். அவர்கள் கேட்க வேண்டியது ஒரே கேள்வி: இது எங்கே கிடைத்தது? பதில் நோட்டில் இல்லாத வரிகளைப் பென்சிலால் எழுதுங்கள், பேனா வேண்டாம்.

உயிரோடு இருப்பவர்களின் பிறந்த தேதி, ஆதார், முகவரி எதையும் பொதுத்தளத்தில் ஏற்றாதீர்கள். ஃபேமிலிசர்ச் மாதிரித் தளங்களில் இறந்தவர்களின் பக்கத்தை யார் வேண்டுமானாலும் திருத்தலாம், அதையும் தெரிந்துகொண்டு போடுங்கள். முதல் படியில் பேசிக்கொண்ட ரகசியங்களுக்கு ஒரு தனி நோட்டு. அது வாட்ஸ்அப் பக்கமே வரக் கூடாது. பதிவுகளையும் படங்களையும் இரண்டு இடத்தில் வையுங்கள், ஒன்று உங்கள் வீட்டுக்கு வெளியே.

பெரியவர்களுக்குப் பெரிய எழுத்தில் அச்சடித்து, ஓரத்தில் நிறைய இடம் விட்டு, பேனாவோடு கொடுங்கள். ஒரு வாரம் விட்டுப் போய் வாங்குங்கள். அவர்கள் அடித்துத் திருத்தியதை அழிக்காமல் அதன் பக்கத்தில் பேரும் தேதியும் போட்டு, அந்தத் தாளையும் மற்ற காகிதங்களோடு சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள்.